பாப்பாவும் கேஸ் சிலிண்டரும்

எங்க ஆய்வுக்கூடத்தக் கூட்டிப் பெருக்குற அக்கா சின்னாளப்பட்டியிலருந்து வரும். அதுகிட்ட ஒருநாள் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம சொல்லித் தொலச்சேன்: "இந்தப் பெட்டிக்குள்ள வளருற செல்லெல்லாம் ஆறு வயசுப் பிள்ளையோட மூளையிலருந்து எடுத்ததுக்கா." மிச்சத்தச் சொல்றதுக்குள்ள போன் வந்துருச்சு. அன்னையிலருந்து அக்காவுக்கு அது பாப்பா. "பாப்பா சாப்டுச்சா மேடம்?"னு கேக்கும். நானும் சிரிச்சுக்கிட்டு விட்டுட்டேன். என் புத்தியச் செருப்பால அடிக்கணும்.

பாப்பாவாவது ஒண்ணாவது! அது மூளைப் புத்துநோய்க் கட்டி. மருந்துக்கு மசியாத வகை. மரபணுவ ஒண்ணொண்ணா நிறுத்திப் பாத்து, எத நிறுத்தினா அது சாகுதுன்னு தேடுறதுதான் என் பொழப்பு. அது தெரிஞ்சாத்தான் மருந்து எங்க அடிக்கணும்னு தெரியும். தேடித்தேடி ஒண்ணு சிக்குச்சு. ரெண்டு தடவ நிறுத்தினேன், ரெண்டு தடவையும் செத்துச்சு. மூணாவது தடவையும் செத்தா நம்பலாம். பக்கத்துத் தட்டுல கைவைக்காத செல்லு மட்டும் உசுரோட இருக்கணும்.

நடுவுல ஆயுத பூஜை வந்துச்சு. "பெட்டியில சந்தனம் கிந்தனம் வச்சீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்"னு அதட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். லீவு முடிஞ்சு வந்து பாத்தா ரெண்டு தட்டுலயும் செல்லு செத்துக் கெடந்துச்சு.

பெட்டியில ஒரு சந்தனப் பொட்டுகூட இல்ல. அக்கா சொன்ன சொல் தவறாது. ஆனா பெட்டிக்குப் போற சிலிண்டர் மூடியிருந்துச்சு.

"சூடம் கொளுத்துற எடத்துல கேஸத் தொறந்தா வைப்பாங்க? அம்புட்டும் பத்திக்கிறாது?"ன்னு அக்கா என்னையே அதட்டுச்சு.

அட கடவுளே! அது கரியமில வாயு, தீய அணைக்கிற கேஸு. அது இல்லாம அந்தச் செல்லு தாங்காது.

"அப்ப பாப்பா?"

"செத்துருச்சு."

"நானே கொன்னுட்டேனே!"ன்னு அக்கா தலையில அடிச்சுக்கிட்டு அழுதுச்சு. எனக்கு ஆத்திரம் தாங்கல. "அது பாப்பா இல்லக்கா! பாப்பாவக் கொன்னதே அதுதான்!"

அழுகை பொசுக்குன்னு நின்னுச்சு. "இத முன்னாடியே சொல்றதுக்கென்ன? அது நல்லா வளரணும்னு தேங்கா ஒடச்சு வேண்டியிருக்கேன்!" நேரா சரஸ்வதி படத்துக்கிட்ட போயி, "ஆத்தா, அந்த வேண்டுதல வாபஸ் வாங்கிக்கிறேன்"னு கன்னத்துல போட்டுக்கிச்சு. இருந்த கடுப்புலயும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

உறைய வச்சிருந்த மிச்சச் செல்ல எடுத்து மறுபடி முதல்லருந்து ஆரம்பிச்சேன். தெனம் காலையில வெளக்கமாத்தோட வந்து, "சனியன் செத்துச்சா?"ன்னு கேட்டுட்டுத்தான் அக்கா கூட்டும். எட்டாம் நாள் செத்துருந்துச்சு. பக்கத்துத் தட்டு மட்டும் கொழுகொழுன்னு இருந்துச்சு. நான் குதிச்ச குதியில ஸ்டூல் விழுந்துச்சு. அக்காவ இழுத்துட்டு வந்து மைக்ராஸ்கோப்புல பாக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ண எடுக்காமப் பாத்துச்சு.

"அந்தப் பிள்ள போயி எம்புட்டு நாளாச்சு மேடம்?"

"ரொம்ப வருசமாச்சுக்கா."

"இத அது இருந்து பாத்துருக்கணும்"னுச்சு. நான் ஸ்டூல நிமித்தி வச்சு உக்காந்துட்டேன்.