ரியாத் கிட்டத்தான்

சாய்ந்தமருதில் ஸலாஹுதீன் ஸேரைப் போல உலகத்தை அளந்தவர் எவருமில்லை. கொழும்பைத் தாண்டி ஓரடி வைக்காதவரும் அவர்தான். முப்பது வருஷம் புவியியல் படிப்பித்தவர். எண்பத்தோராம் ஆண்டு மகன் மக்கீனுக்கு ரியாத் விசா வந்தபோது, அட்லஸை விரித்து, நூல் பிடித்து அளந்து மனைவிக்குக் காட்டினார்.

"இஞ்ச பாரு ஹாஜறா. கொழும்பிலிருந்து ரெண்டாயிரத்தைந்நூறு மைல். பிளேனுக்கு ஐஞ்சு மணித்தியாலம். நம்மட கொழும்பு பஸ் அதவிட ரெண்டு மடங்கு எடுக்கும். அப்ப எது தூரம், சொல்லு?"

"நான் மவுத்தானா வந்து முகம் பார்ப்பானா? அதச் சொல்லுங்க."

"இண்டைக்குக் காலையில கேள்விப்பட்டா நாளைக்குப் பகல் லுஹர் தொழுகைக்கு இஞ்ச நிப்பான்."

கணக்கில் பிழையில்லை. அதை நம்பித்தான் ஹாஜறா மகனை அனுப்பினாள். பிறகு வீட்டுக்கு வரும் பெண்களிடமெல்லாம், "ரியாத் கிட்டத்தான், கொழும்புதான் தூரம்" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

மூன்றாம் வருஷம், ஒரு சித்திரை மாதம், விடியற்காலை சுபஹ் தொழுத கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். டொக்டர் வருமுன் முடிந்துவிட்டது.

காலையில் மவுத்தென்றால் பின்னேர அஸர் தொழுகைக்கு முன் அடக்கிவிடுவது ஊர் வழக்கம். ஸேரின் தங்கச்சி மகன் காலிதீன் கல்முனைத் தபால் கந்தோரில் காத்துக் கிடந்து ரியாத்துக்கு டெலிபோனில் பேசிவிட்டு வந்தான். மக்கீன் சொன்னது ஒரே சொல்: "வாறன்."

"நாளைக்கு லுஹர் மட்டும் வைப்பம்" என்றார் ஸேர்.

பள்ளிவாசல் பொறுப்பிலிருந்த மரைக்கார் சங்கடப்பட்டார். "ஸேர், வெயில் கொளுத்துது. மையித்தக் காக்க வைக்கிறதும் சரியில்ல."

"ஐஞ்சு மணித்தியாலம்தான் மரைக்கார். வாக்குக் குடுத்திருக்கன்."

"ஆருக்கு?"

"ஹாஜறாக்கு."

மரைக்கார் ஆளனுப்பினார். மீன்வாடியிலிருந்து ஐஸ் கட்டிகள் வந்தன. பேசின்களில் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்கள். படித்த மனிசன் செய்கிற வேலையா இது என்று வாசலில் முணுமுணுத்தவர்களே உருகிய தண்ணீரை முறைவைத்து அள்ளியும் கொட்டினார்கள்.

மறுநாள் காலை காலிதீன் திரும்பவும் கந்தோருக்குப் போய்வந்தான். சைக்கிளை விட்டு இறங்கியும் ஹேண்டிலை விடவில்லை.

"மாமா, மச்சான் இன்னும் ரியாத்திலதான். பாஸ்போட் முதலாளிட கையில. அவர்ட எழுத்து இல்லாம வெளிக்கிட ஏலாதாம். முதலாளி லண்டனுக்குப் போயிட்டாராம்."

"ரியாத்திலிருந்து லண்டன் ஆறரை மணித்தியாலம்" என்றார் ஸேர். வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. உடனே அவருக்கே வெட்கமாயிருந்தது.

"எப்ப வருவாரெண்டு ஆருக்கும் தெரியாதாம் மாமா. காத்திரிக்க வேணாமாம். மச்சான் அழுறாரு."

ஒருவன் புறப்பட இன்னொருவன் சம்மதிக்க வேண்டுமென்பதை அவர் எந்த வகுப்பிலும் படிப்பித்ததில்லை. எழுந்து உள்ளே போனார். துணியை விலக்கி ஹாஜறாவின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்குப் பிழைச்சுப் போச்சு" என்றார்.

வெளியே வந்து, "எடுங்க மரைக்கார்."

மையவாடியில் ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். ஸேர் போட்டுவிட்டு நகரவில்லை. மறுபடி குனிந்து அள்ளினார்.

"இது மக்கீன்ட" என்றார்.

அப்படியொரு வழக்கம் இல்லையென்று சொல்ல மரைக்கார் வாயெடுத்தார். பிறகு சொல்லாமல், ஸேர் கபுறுக்குக் கிட்ட வரத் தன் இடத்தை விட்டுத் தள்ளி நின்றார்.