முதல் பெட்டியில் மொரேனா

எர்மெஸ் ஸன்ஃபோர்லினின் புழு ரயிலுக்குப் பக்கத்தில்தான் நாற்பது வருஷம் என் பஞ்சுமிட்டாய் வண்டி நின்றது. இத்தாலியில் போ ஆற்றின் இரண்டு கரையிலும் எந்த ஊரில் புனிதர் திருவிழா என்றாலும் முதலில் அவன் இடம், அடுத்து என் இடம். அதனால் அவன் கதையை நான் சொல்லலாம். சொன்னால் என் பங்கும் கொஞ்சம் வெளியே வந்துவிடும், பரவாயில்லை.

குழந்தைகளுக்கான சின்ன ரோலர் கோஸ்டர் அது. பல்லைக் காட்டிச் சிரிக்கும் பச்சைப் புழு, அதன் பின்னால் ஆறு பெட்டிகள். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறி, வளைந்து இறங்கி, ஒரு பெரிய சிவப்பு ஆப்பிளுக்குள் புகுந்து வெளியே வரும். ஒரு டிக்கெட்டுக்கு மூன்று சுற்று.

காலியாக ஓடுகிற ராட்டினத்தில் யாரும் ஏற மாட்டார்கள். ஒரு குழந்தை உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போனால் பத்துக் குழந்தைகள் அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கும். அதனால் எங்கள் தொழிலில் சொந்தப் பிள்ளைகளைத்தான் முதலில் ஏற்றி உட்கார வைப்போம். எர்மெஸுக்கு ஒரே மகள், மொரேனா. மூன்று வயதிலிருந்து முதல் பெட்டி அவளுடையது.

"கையத் தூக்கு மொரேனா! நல்லா கத்து! பயந்து கத்தாத, சந்தோஷமாக் கத்து!" என்று சுவிட்ச் பெட்டிக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பான்.

அவளும் கத்துவாள். கூட்டம் சேர்ந்ததும் இறக்கிவிடுவான், குறைந்ததும் மறுபடி ஏற்றுவான். நான்கு மணிக்கு ஆரம்பித்தால் விளக்குப் போடும் வரைக்கும் இதுதான். சில நாள் இறங்கி வந்து என் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், தரை சுற்றுவது நிற்கும்வரை. "உன் பொண்ணு ஒருத்தி போதும்டா, நோட்டீஸே அடிக்க வேணாம்" என்று நான் எர்மெஸிடம் சொல்வேன். அவனுக்குப் பெருமை தாங்காது.

எங்கள் பிள்ளைகளுக்கு ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம். திங்கட்கிழமை போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். பக்கத்துப் பிள்ளையின் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் லாரி கிளம்பிவிடும். மொரேனாவுக்கு எட்டு வயதானபோது லெந்தினாராவில் ஒரு வாரம் நின்றோம். அங்கே வகுப்பில் லூச்சில்லா என்ற பெண் அவளைத் தன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருந்தாள். ஊர்க்காரர் வீட்டிலிருந்து ராட்டினக்காரப் பிள்ளைக்கு அழைப்பு வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. மொரேனாவின் அம்மா ஒரியெல்லா அன்றைக்கே போய்ப் பென்சில் பெட்டி ஒன்று வாங்கி, ரிப்பன் கட்டி வைத்துவிட்டாள்.

"அப்பா, சனிக்கிழமை நாலு மணிக்குப் போயிட்டு ஆறு மணிக்கு வந்துடறேன்" என்றாள் மொரேனா.

எர்மெஸ் சக்கரத்துக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். "சனிக்கிழமையா? அப்ப முதல் பெட்டியில யாரு உக்கார்றது, உங்கம்மாவா? அவ உக்காந்தா புழு மேடே ஏறாது."

"ஒரு நாள்தானே, விடேன்" என்றாள் ஒரியெல்லா. அவள் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு இங்க விட்டா அடுத்த வாரம் அடுத்த ஊர்ல கேப்பா. நீ சொல்லுடா ஃபாவ்ஸ்தோ."

நான் ஒரு வார்த்தை அவளுக்காகச் சொல்லியிருக்கலாம். "கேக்குக்குத்தானே போறா? நான் ரெண்டு பஞ்சுமிட்டாய் தர்றேன், இங்கயே இருக்கட்டும்" என்றேன். எர்மெஸ் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமை அவள் முதல் பெட்டியில் உட்கார்ந்தாள். ஆறு மணி வாக்கில் பிறந்தநாள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கூட்டமாகத் திருவிழாவுக்கு வந்துவிட்டார்கள். நடுவில் லூச்சில்லா, தலையில் காகிதக் கிரீடம். புழு நின்றதும் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு, "வர முடியாதுன்னு சொல்லிட்டு இங்க ஜாலியா சுத்திக்கிட்டிருக்கியா?" என்று கேட்டாள்.

மொரேனா வாயைத் திறப்பதற்குள் எர்மெஸ் சுவிட்சைத் தட்டிவிட்டான். "கையத் தூக்கு மொரேனா!"

தூக்கினாள். திங்கட்கிழமை நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பினோம்.

பதினாறு வயதில் ஃபெராரா நகரத்தில் இருந்த சித்தி வீட்டுக்குப் போன மொரேனா திரும்பவில்லை. பல் டாக்டரிடம் வேலை, கல்யாணம், ஒரு பையன். கிறிஸ்துமஸுக்கு வருவாள், திருவிழா மைதானத்தில் மட்டும் கால் வைக்க மாட்டாள். "ஊர்க்காரி ஆயிட்டாப்பா, நம்ம தூசி அவளுக்கு ஆகாது" என்று எர்மெஸ் எல்லாரிடமும் கிண்டலடிப்பான்.

இரண்டு வருஷம் முன்பு, ஈஸ்டர் சாப்பாட்டுக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தான். பேரன் தோபியாவுக்கு அப்போது நாலு வயது. அன்று நடந்ததை மறுநாள் தண்டவாளம் பூட்டும்போது அவனே என்னிடம் சொன்னான்.

"பையனைக் கூட்டிட்டு வாம்மா. முதல் பெட்டியில உக்கார வைக்கிறேன். எத்தனை சுத்து வேணும்னாலும் சுத்தட்டும்" என்று கேட்டிருக்கிறான்.

"வேணாம்பா."

"ஒண்ணும் ஆகாது. பிரேக்கெல்லாம் புதுசு."

"ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா? அதுல என்னைவிட அதிகமாச் சுத்தினவங்க இந்த நாட்டுலயே யாருப்பா இருக்கா?"

பிறகு ரொட்டியை நறுக்கிக்கொண்டே லெந்தினாராவையும் அந்தப் பிறந்தநாளையும் சொல்லியிருக்கிறாள். குரலில் கோபம்கூட இல்லையாம். எல்லாம் கேட்டுவிட்டு இவன், "எந்த லூச்சில்லா?" என்றிருக்கிறான்.

"அந்தச் சனிக்கிழமையே என் மண்டையில இல்லடா ஃபாவ்ஸ்தோ. அவ இத்தனை வருஷமா வெச்சிருக்கா. நான் லூச்சில்லா யாருன்னு கேக்கறேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா பாரு..." ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு எல்லாம் நினைவிருந்தது, பஞ்சுமிட்டாய் பேச்சு உட்பட. அதை அவனிடம் சொல்லவில்லை.

மொரேனா போனபின் மற்றவர்கள் பிள்ளைகளை ஏற்றிவந்தவன், அன்றிலிருந்து முதல் சுற்றைக் காலியாகவே ஓட்டினான். மற்ற ராட்டினக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டான்.

அந்த வருஷம் செப்டம்பரில் லெந்தினாரா திருவிழா வந்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு, "ஒரு இடம் போகணும், கூட வா" என்றான். விசாரித்து வைத்திருந்தான்: சதுக்கத்து மருந்துக் கடை இப்போது லூச்சில்லாவுடையது. உள்ளே போனோம். வெள்ளைக் கோட்டில் நாற்பது வயதுப் பெண், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "சொல்லுங்கய்யா" என்றாள்.

"என் பொண்ணு மொரேனா உங்ககூட ஒரு வாரம் படிச்சா. உங்க பிறந்தநாளுக்கு அவ வராதது அவ தப்பு இல்லம்மா. நான்தான் விடல. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவள் நிஜமாகவே யோசித்தாள். பிறகு சங்கடத்தோடு, "மன்னிச்சுக்கணும். வருஷா வருஷம் ராட்டினக்காரப் பிள்ளைங்க வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போவாங்க. எனக்கு யாருமே ஞாபகம் இல்லையே... அவங்க நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்காம்மா" என்றான். சும்மா வெளியே வர முடியாமல் இருமல் மாத்திரை ஒரு பட்டை வாங்கினான்.

சாயங்காலம் மொரேனா போன் செய்தாள்; ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னதும், "லூச்சில்லா இன்னும் அங்கதான் இருக்காளாப்பா?" என்றாள்.

"விசாரிச்சேம்மா. மிலான் பக்கம் குடி போயிட்டாங்களாம்."

"அப்படியா" என்றாள்.

எர்மெஸ் போனை ஒரியெல்லாவிடம் கொடுத்துவிட்டுச் சுவிட்ச் பெட்டிக்குப் போனான். தோபியாவுக்கு இப்போது ஆறு வயது. அவள் இதுவரை கூட்டி வரவில்லை. எர்மெஸும் மறுபடி கேட்கவில்லை.