மாடியில் பூட்டுப்பட்ட வெள்ளிக்கிழமை

கல்முனைத் துணிக்கடையொன்றில் காசாளராக நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறேன். சீனி வருத்தத்துக்கு உடற்பயிற்சி கட்டாயம் என்று டொக்டர் சொன்னதிலிருந்து, அதற்கு நேரம் எங்கே கிடைக்குமென்று ஒரே தவிப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை, சீனிக் குளிசையை விழுங்கிவிட்டு, சாப்பாட்டைத் தள்ளிவைத்து, மாடியறையில் கைகால்களை வீசிக்கொண்டிருந்தேன். அது தெரியாமல் முதலாளி மாடிக் கதவைப் பூட்டிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார். போன் கீழே இருந்தது. சற்றுநேரத்தில் வியர்த்துக் கை நடுங்கியது. ஜன்னலுக்கு ஓடினேன். தெருவில் பழ வியாபாரி மட்டும் நின்றார்.

“அண்ணன், கதவைப் பூட்டிட்டாங்க! எனக்குச் சீனி இறங்குது!”

“பயப்படாதீங்க தங்கச்சி, இதப் பிடிங்க!”

அவர் எறிந்த முதல் வாழைப்பழம் கம்பியில் பட்டு விழுந்தது. அடுத்ததைப் பிடித்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ். முதலாளி வந்து திறக்கும்வரை அவர் அங்கேயே நின்றார்.

இப்போது காலையில் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸிலிருந்து முன்கூட்டியே இறங்கிக் கடைக்கு நடக்கிறேன். பிந்திவிடுவேனோ என்ற பதற்றம் இன்னும் போகவில்லை, ஆனாலும் நடக்கிறேன்.