அண்ணனின் லாரியும் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பித்தளைப் பெட்டியும்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்தச் சிறு மலர்ப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் உறவினரே, சிநேகிதரே, அழுது வடியும் எழுத்தை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். அழ வேண்டியதைப் போன வருஷமே அழுது தீர்த்துவிட்டோம். இப்போது மனத்தில் இருப்பது பெரும்பாலும் நிம்மதிதான். அந்த நிம்மதி எதனால் என்று சொல்லவே எழுத உட்கார்ந்தேன். அண்ணனுக்கு அடுத்துப் பிறந்த தங்கை நான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி அதட்டிப் பேச்சு கொஞ்சம் கறாராக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது ராயபுரத்தில், மாதா கோயிலுக்குப் பின்புறத்துச் சந்தில். எங்கள் நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் மார்ச்சளி வந்து இறந்தபோது அண்ணனுக்கு மீசை கூட அரும்பவில்லை. மோட்டார் ஷெட்டில் வண்டி கழுவப் போனார். கழுவிய கையாலேயே ஓட்டக் கற்றார். அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவுக்கு மருந்தும் எனக்குப் படிப்பும் நடந்தன. "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குப் படிப்பு?" என்று கேட்டவர்களும் இந்த மலரை இப்போது வாசித்துக்கொண்டிருக்கலாம். வாசிக்கட்டும்.

பிறகு ஒரு முதலாளியிடம் லாரி டிரைவராக அமர்ந்தார். துறைமுகத்திலிருந்து மரமும் சிமெண்டு மூட்டையும் ஏற்றித் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் இறக்க வேண்டும். அண்ணியைக் கட்டியதும் அந்த வேலையில் இருந்தபோதுதான். வேலை கடினம், ஆனால் மரியாதையான வேலை. அந்த மரியாதைக்குத்தான் ஒரு நாள் ஆபத்து வந்தது.

முதலாளி தினமும் காலையில் பெட்ரோலை டின்னாக எண்ணிக் கொடுப்பார். மற்ற லாரிகளை விட அண்ணன் லாரிக்கு எப்போதும் அதிகம் தேவைப்பட்டது. ஒரு நாள் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"இன்னாடா, பெட்ரோல லாரி குடிக்குதா, இல்ல நீ எங்கனாச்சும் வித்துக்கினு கீறியா?"

"கோயில் மேல ஆணை முதலாளி, ஒரு சொட்டு எடுத்ததில்ல."

"அப்ப குறைச்சுக் காட்டு. இல்லன்னா வண்டிய வேற ஆளாண்ட குடுக்கறேன்."

வேலை போனால் வேறு வேலை தேடலாம். 'பெட்ரோல் திருடன்' என்ற பெயரோடு போனால் துறைமுகத்தில் எந்த ஷெட்டும் சேர்க்காது. அண்ணிக்கு அப்போது நாலாம் மாதம். அன்றைக்குச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார் அண்ணன்.

அன்று பிடித்தது பைத்தியம். யார் எதைச் சொன்னாலும் லாரியில் செய்து பார்ப்பார். பெட்ரோலில் அந்துருண்டை போட்டால் மைல் கூடும் என்றான் ஒருவன். போட்டார். துணிப் பெட்டி நாற்றம் வீசியதுதான் மிச்சம். இன்னொருவன் கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துவாரத்தைச் சிறிதாக்கிக் கொடுத்தான். வெறும் வண்டி சொகுசாக ஓடியது. பாரம் ஏற்றியதும் திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம் இருமி இருமி நின்றுவிட்டது. பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர்கள் அண்ணனின் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டுப் போனார்களாம்!

கடைசியாக வந்தது பித்தளைப் பெட்டி. விற்றவன் கோட்டு போட்ட ஆள், நாக்கில் தேன். பெட்ரோல் குழாயின் மேல் கவ்விக்கொள்ளும்படி அதை மாட்ட வேண்டும், பெட்ரோலைச் சூடாக்கிச் சுத்தம் செய்து கால் பங்கு மிச்சம் பிடிக்கும் என்றான். ஒரே நிபந்தனை, வண்டி நின்றால் இஞ்சினை அணைத்துவிட வேண்டும், அணைக்காவிட்டால் பெட்டி காய்ந்து கெட்டுவிடும். அண்ணன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

மாயம் போல் பெட்ரோல் குறைந்தது. முதலாளி முகத்தில் சிரிப்பு. "கில்லாடிடா நீ" என்று தட்டிக் கொடுத்தார். அவர் தன் தோஸ்துகளிடமெல்லாம் பெருமையடிக்க, அவர்களும் ஆளுக்கொரு பெட்டி வாங்கக் கிளம்பினார்கள். வீட்டில் சனிக்கிழமைதோறும் அண்ணன் அந்தப் பெட்டியைக் கழற்றிவந்து புளி போட்டுத் தேய்ப்பார். "எங்க குத்துவிளக்குக்கு இந்தப் பாக்கியம் இல்லியே" என்பார் அண்ணி.

துறைமுகத்தில் சரக்கு குவிந்த ஒரு மாதம் தேய்க்க நேரமில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை வண்டியின் மூடியைத் திறந்தால் பெட்டியைக் காணோம்! எண்ணூர் மணல் ரோட்டில் குலுங்கிக் குலுங்கி எப்போதோ விழுந்திருக்கிறது. குழாயில் அது கவ்வியிருந்த இடமெல்லாம் தூசி படிந்து கிடந்தது. அப்படியானால் பல நாளாகப் பெட்டி இல்லாமலே வண்டி அதே குறைந்த பெட்ரோலில் ஓடியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. "போனாப் போவுது, பித்தளைதானே" என்றேன்.

"உனக்குப் புரியல பாப்பா. பெட்டி ஒண்ணும் செய்யலன்னா பெட்ரோலு எப்படிக் குறைஞ்சுது? மின்ன திருடினான், இப்ப நிறுத்திட்டான், அப்படித்தானே சொல்வாங்கோ? சொல்லாம மூடி மறைச்சா, அத்தினி பேரும் என் பேச்ச நம்பித் துட்ட தொலைப்பாங்கோ."

 நான் படித்த படிப்பெல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை. வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அண்ணிதான் பேச்சுவாக்கில் சொன்னார்.

"அது இன்னா எழவோ, அந்தப் பொட்டி வந்ததுலேருந்து தெருவுல நிம்மதி. மின்னல்லாம் நீங்க துன்னு முடிக்கிற வரிக்கும் வாசல்ல லாரி கத்திக்கினே நிக்கும். புகைல என் துணியெல்லாம் கலீஜாயிடும்."

அண்ணன் அப்படியே அண்ணியைப் பார்த்தார். பிறகு தன் வலது மணிக்கட்டைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். லாரியை முன்னால் நின்று, கைப்பிடி போட்ட இரும்பு ஆண்டிலைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். முன்பொரு முறை அது எதிர்த்து அடித்து அண்ணன் மணிக்கட்டை முறித்திருந்தது. எலும்பு கூடியது, பயம் போகவில்லை. காலையில் ஒரு தரம் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றுவார், அப்புறம் மாலை வரை இஞ்சினை அணைக்கவே மாட்டார். துறைமுக வரிசையில், ரயில்வே கேட்டில், மூட்டை இறக்கும்போது, சாப்பிடும்போது, எந்நேரமும் ஓடிக்கொண்டே நிற்கும். அந்தப் பயத்தை வெளியே சொல்ல வெட்கம். பெட்டி கெட்டுவிடக்கூடாதே என்றுதான் நிற்குமிடமெல்லாம் அணைத்து, மறுபடி மறுபடி ஆண்டிலைச் சுற்றினார். மிச்சம் பிடித்தது பெட்டியல்ல, அவர் கைதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் முதலாளி வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், பயந்த கதை உட்பட. "நீங்களே கூட வந்து பாருங்க முதலாளி" என்றார். முதலாளியும் வந்தார். ஒரு நாள் பழைய வழக்கப்படி இஞ்சினை அணைக்காமல், அடுத்த நாள் அணைத்து அணைத்து, அதே பாரம், அதே எண்ணூர். இரண்டாம் நாள் அண்ணி அடுப்பே மூட்டவில்லை. நானும் அண்ணியும் ஷெட்டு வாசலிலேயே நின்றோம். லாரி வந்தது. முந்தின நாள் கடைசி டின்னும் காலியாகித்தான் திரும்பியிருந்தது. முதலாளி இறங்கி, இன்று திறக்கவே படாமல் கிடந்த கடைசி டின்னை எடுத்துக் குலுக்கினார். தளும்பியது.

முன்பு யார் யார் முன்னால் கேட்டாரோ, அவர்கள் எல்லாரும் இருந்தார்கள். "நான்தான்டா பேஜாரு பண்ணிட்டேன். இவன் திருடல. எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார். அப்பாடா! அண்ணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் சிரித்தார், அழுதார், மூக்கைச் சிந்தினார், பசிக்கிறது என்றார். ராயபுரம் முழுவதும் அன்று எனக்குச் சொந்த வீடு மாதிரி இருந்தது.

மறுநாளே முதலாளி, பெட்ரோல் டின்களைப் பூட்டி வைக்கும் அறையின் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டார். மகள் பிறந்தாள், நடந்தாள், பேசினாள். சாவி அண்ணன் இடுப்பிலேயே இருந்தது. போன வருஷம் விஷக்காய்ச்சல் வந்து படுத்தபோது அதைக் கொடுத்தனுப்பினார். "அவனே எழுந்து வந்து குடுக்கட்டும்" என்று முதலாளி திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணன் எழவில்லை. கடைசி நாளில் பயம் இல்லாமல், அண்ணி கையைப் பிடித்தபடி கண்ணை மூடினார்.

காய்ச்சல் நாட்களில் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த சந்துப் பெண்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கு வந்த டாக்டருக்கும், நடுங்கும் தம் உடம்போடு கல்லறை வரை நடந்த சாமியாருக்கும், தோள் கொடுத்த துறைமுகத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முதலாளிக்கும் அப்படியே. அடக்கம் முடிந்த மறுநாள் சாவியைக் கொடுக்க நான்தான் போனேன். வாங்கியவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அறையத் திறந்து டின்னெல்லாம் எண்ணிப் பார்த்துக்குங்க முதலாளி. அண்ணன் இருந்தா அதத்தான் சொல்வாரு" என்றேன்.

"அவன் வெச்சது வெச்சபடி இருக்கும். நீ வூட்டுக்குப் போம்மா" என்றார்.