செக்யூரிட்டி ரூமில் ஒரு பீடித்தட்டு

பல்லைப் பிடுங்குறவருக்குக்கூட கும்பிடு போட்டுட்டுப் போவாங்க; வாயில இருக்கிற பீடியைப் பிடுங்குறவனுக்குக் கிடைக்கிறது வசவு மட்டும்தான். பஸ் ஸ்டாண்டுலயோ சொந்தக்காரங்க கல்யாணத்துலயோ ‘இங்கன சிகரெட் வேண்டாமே’ன்னு சொல்லி முறைப்பு வாங்கின ஆளா நீங்க? வாங்க, பக்கத்துல உக்காருங்க. பட்டாளத்துல இருந்து வந்ததும், தென்காசியிலிருந்து குற்றாலம் போற ரோட்டுல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில செக்யூரிட்டியாச் சேர்ந்தேன். நோயாளி, ஊழியர், பார்க்க வந்தவர், யாரும் உள்ள புகைக்கக் கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு போட்டு, அந்தப் பொறுப்பை என் தலையில கட்டினாரு. எல்லையில நின்னது இதுக்கு எவ்வளவோ தேவலை.

தொங்கின சட்டைகள்

யூனிபார்மோட கேட்டுக்கு வெளிய நின்னுகூடப் புகைக்கக் கூடாதுன்னு அடுத்த உத்தரவு. மறுநாளே எக்ஸ்ரே எடுக்கிறவரைக் காணோம்னு கை முறிஞ்ச ஒருத்தர் புலம்பிக்கிட்டு நின்னாரு. எதிர்த்த டீக்கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஆணியில வரிசையா நம்ம ஆஸ்பத்திரிச் சட்டை நாலு தொங்குது. கீழ பெஞ்சுல நாலு பேரு, வெறும் பனியனோட, சாரல்ல நடுங்கிக்கிட்டே சிகரெட் குடிக்காங்க. எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோவம் ஏறிட்டு. எக்ஸ்ரேக்காரரு அசரவே இல்ல.

“உத்தரவு சட்டைக்குத்தான அண்ணாச்சி? அது அங்கன சும்மாதான தொங்குது.”

பிள்ளையாருக்கு வந்த கூட்டம்

ஆண்கள் வார்டுல சுடலைமுத்துன்னு ஒரு கொத்தனார். பீடி குடிச்சுக் குடிச்சு ரத்தக்குழாய் அடைச்சு, வலது கால் பெருவிரல் கறுத்துப் போச்சு. இனி பீடியைத் தொட்டா முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டியதுதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. கால் இல்லாம அவரு சாரத்துல எப்படி ஏறுவாரு?

பீடியை எங்கயாவது ஒளிச்சுக் கொண்டாந்துருதாங்கன்னு, கேட்டுலயே தீப்பெட்டி, லைட்டர் எல்லாத்தையும் வாங்கி வச்சேன். அந்த வாரத்துல இருந்து எங்க வளாகத்துப் பிள்ளையாருக்கு திடீர்னு பக்தர் கூட்டம். நோய் வந்தாத்தான் சாமி நெனப்பு வருதுன்னு நானே நாலு பேருகிட்டச் சொல்லிச் சந்தோசப்பட்டேன். ஒருநாள் சந்நிதிக்குப் பின்னால போய்ப் பார்த்தா, சுடலைமுத்து விளக்குத் திரியில பீடியைக் காட்டிக்கிட்டு இருக்காரு. ஊர்ல இருந்து பார்க்க வந்தவன் குடுத்த பீடியாம். ‘உமக்குக் கால் வேணுமா வேண்டாமாவே?’ன்னு கத்திட்டேன்.

“நொண்டிக்கிட்டே மூணு சுத்து சுத்திட்டுத்தான் பத்த வச்சேன் அண்ணாச்சி, சும்மா பத்த வைக்கல.”

கட்டிலுக்கு அடியில

பிள்ளையார் விளக்கைச் சுத்திக் கம்பி வலை அடிச்சுட்டு, வார்டைச் சோதனை போடப் போனேன். சுடலைமுத்து கட்டிலுக்குப் பக்கத்துல அவரு பொண்டாட்டி மாரியம்மா தரையில உக்காந்து, மடியில தட்டை வச்சு, பீடி சுத்திக்கிட்டு இருக்கு! இலை, தூள், கத்தரி, நூல்னு ஒரு சின்னக் கம்பெனியே கட்டிலுக்கு அடியில நடக்கு. நர்ஸம்மாவும் அதைத் தாண்டித் தாண்டித்தான் ஊசி போடுதாங்களாம். மேனேஜரைக் கூட்டியாந்தேன். அவரு உத்தரவை ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டு, குடிக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கு, சுத்துறதைப் பத்தி ஒண்ணும் இல்லையேன்னு நழுவிட்டாரு. மாரியம்மா கை நிக்கவே இல்ல.

“இதைச் சுத்தித்தான் இவருக்கு மருந்து வாங்குதேன் அண்ணாச்சி, ஆனா இவருக்கு ஒண்ணுகூடக் குடுக்கிறதில்ல.”

மடக்கு

நாலு நாள் கழிச்சு சுடலைமுத்து குளியலறையில மாட்டினாரு. நர்ஸம்மாவோட ஸ்பிரிட் விளக்குல பத்த வச்சிருக்காரு. பீடி ஏதுன்னு கேட்டா டீக்கடையில வாங்கினதுன்னு சத்தியம் பண்ணுதாரு. பாதி எரிஞ்ச பீடியை மாரியம்மா கையில குடுத்தேன். அது அடிப்பக்கம் மடக்கியிருந்த விதத்தை உத்துப் பார்த்துச்சு. பீடி சுத்துறவங்க ஒவ்வொருத்தர் மடக்கும் ஒவ்வொரு மாதிரியாம். அது வெந்நி வாங்கக் கேன்டீனுக்குப் போற நேரத்துல தட்டுல இருந்து உருவியிருக்காரு மனுசன். மாரியம்மா அவரைத் திட்டல, அழவும் இல்ல.

“இது என் மடக்குத்தான், இவரு காலை நான்தான் தின்னுக்கிட்டு இருக்கேன்.”

ஒரே ரூம்

சுத்தலேன்னா மருந்து இல்ல, சுத்தினா கால் இல்ல. நானும் யோசிச்சுப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில பூட்டுப் போட்ட இடம், சாவி என் இடுப்புல இருக்கிற இடம், ஒண்ணே ஒண்ணுதான். மறுநாள்ல இருந்து மாரியம்மா என் செக்யூரிட்டி ரூம்ல உக்காந்து பீடி சுத்துச்சு. வாசல்ல ‘புகைத்தல் தடுப்புப் பிரிவு’ன்னு போர்டு. கூட்டம் இல்லாத நேரம் நானும் கட்டுக்கு நூல் சுத்திக் குடுத்தேன், சும்மா உக்காந்திருக்க முடியுதா?

மூணாவது வாரம் டாக்டர் மேனேஜரையும் கூட்டிக்கிட்டு என் ரூமுக்கே வந்தாரு. விரலை மட்டும் எடுத்தாப் போதும், கால் தப்பிச்சிட்டுன்னு என்னைப் பாராட்டத்தான் வந்திருக்காரு. நான் வாயில நூலைக் கடிச்சுக்கிட்டு எந்திரிச்சு சல்யூட் அடிச்சேன். மேனேஜர் சுவத்தைப் பார்த்துக்கிட்டாரு. டாக்டர் சமாளிச்சுக்கிட்டு, இனி வீட்டுல சுடலைமுத்து கண்ணுல பீடியே படக் கூடாதும்மான்னு மாரியம்மாகிட்ட அழுத்திச் சொன்னாரு.

“எங்க வீட்டுல இருக்கிறது ஒரே ரூம் டாக்டர், பீடியை வெளிய வைக்கவா, இவரை வெளிய வைக்கவா?”

பீடியை ஒழிக்கச் சம்பளம் வாங்கின நான் ஒருத்தர் காலைக் காப்பாத்தினது நிசம்தான், ஆனா அந்த மூணு வாரமும் என் கையால நூல் சுத்தி அனுப்பின கட்டுகளை இப்ப எந்த ஊரு ஆஸ்பத்திரி செக்யூரிட்டி எவன் மடியில இருந்து பிடுங்கிக்கிட்டு இருக்காரோ.