நிறுத்தும் என்று மட்டும் ஜெபித்தேன்

ஊர் சுற்றிப் பார்க்கக் கூட்டிப்போன இடத்தில் என் ஆறு வயது மகளைத் தொலைத்தேன். கர்த்தர் அவளைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவே நடந்ததைச் சபையார் அறிய எழுதுகிறேன். செய்தித்தாளில் பிறர் எழுதியதைத் திருத்துவது என் வேலை. அதனால் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல முயல்கிறேன்.

கடந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை நாங்கள் நால்வரும் சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போனோம். என் கணவர் எபநேசருக்குச் சைக்கிள் என்றால் உயிர். மறுநாள் அங்கே ஒரு நெடுந்தூர சைக்கிள் பயணம் ஏற்பாடாகியிருந்தது. பெரியவர்கள் விடியுமுன் கிளம்பி, ஊரைக் கடந்து, பாலாற்றுப் பாலம் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். குழந்தைகளுக்குத் தனியாக நாலைந்து தெருக்களைச் சுற்றிவரும் சின்னச் சுற்று. மகள் ரூத் அதற்காகவே வந்தாள். இரண்டு வயது சாமுவுக்கு லாட்ஜ் கட்டிலில் குதிப்பதே போதுமாக இருந்தது.

அன்று பகல் முழுவதும் தூறல். குழந்தைகளை எங்கும் கூட்டிப்போக முடியவில்லை. "இதுக்குப் பேரு ட்ரிப்பா, அப்பா?" என்று ரூத் கேட்டாள். எனக்கும் அதே எரிச்சல்தான்.

எபநேசர் அவளுக்கு எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் சாக்பீஸால் அம்புக்குறி வரைந்து பயிற்சி கொடுத்திருந்தார். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்கள் முன்னால் போகிறவரை நம்ப மாட்டார்கள். அவரே வழி தவறியிருக்கலாம். தரையில் இருக்கும் அம்பைத்தான் நம்புவார்கள். "யார் பின்னாடியும் போகாத பாப்பா. அம்பு எங்க காட்டுதோ அங்க போ. முடியிற வரைக்கும் நிக்காத." இதை அவள் மனப்பாடமாகச் சொல்வாள்.

ஞாயிறு விடியுமுன் எபநேசர் கிளம்பிப் போய்விட்டார். காலையில், ஒரு பள்ளி மைதானத்திலிருந்து குழந்தைகள் கிளம்பினார்கள். பெற்றோர் கூட ஓடக்கூடாது, திருப்பங்களில் ஆட்கள் நிற்பார்கள் என்றார்கள். நான் சாமுவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். குழந்தைகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து கழுத்தில் பதக்கம் வாங்கிக்கொண்டார்கள். ரூத் வரவில்லை. கடைசிக் குழந்தையும் வந்தாயிற்று. மைக் வைத்திருந்த பெண், "வந்துருவா மேடம், டென்ஷன் ஆகாதீங்க" என்றார். பைக்கில் ஒருவர் போய்ச் சுற்றிவிட்டு வந்தார். காணோம் என்று தலையை ஆட்டினார்.

நானே அந்தச் சுற்றில் நடந்தேன். ஒரு முனையில் கால் நின்றது. குழந்தைகளுக்கான அம்புகளை முந்தின மாலை, தூறல் விட்டபிறகு, வெள்ளைப் பொடியால் போட்டிருந்தார்கள். அந்த முனையில் வெள்ளை அம்பு இல்லை. ஈரத் தரையில் ஒரு புதுக் கோலம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டேன்.

"இன்னாமோ வெள்ளப் பொடி கொட்டிக் கெடந்துச்சுமா. தண்ணி தெளிச்சிப் பெருக்கிட்டுக் கோலம் போட்டேன். ஏம்மா, இன்னா ஆச்சு?"

அவர்மேல் என்ன குற்றம்? ஊரில் எல்லா வாசலிலும் காலையில் நடப்பதுதான். சென்னையிலிருந்து வந்து பொடி தூவியவர்களுக்கு அது தோன்றவில்லை. திருப்பத்தில் நிற்க வேண்டியவர், கொஞ்சம் தள்ளி விழுந்த ஒரு குழந்தையைத் தூக்கப் போயிருந்தார். மற்ற குழந்தைகள் ஒருவர் பின்னால் ஒருவராகச் சரியாகத் திரும்பிவிட்டார்கள். கோலத்துக்கு அப்பால், சாலை நடுவே, பெரியவர்களுக்கான ஆரஞ்சு பெயின்ட் அம்பு பளிச்சென்று இருந்தது. அது இடப்பக்கம் காட்டியது. அந்தப் பக்கம் செவிலிமேடு, பிறகு பாலம், பிறகு லாரிகள் ஓடும் சாலை.

அவள் எங்கே போயிருப்பாள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் நிற்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். எபநேசருக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போன் அவர் முதுகுப் பையில் இருக்கும்.

நான் ஜெபிக்கப் பழகியவள். உபவாசக் கூட்டங்களில் நீளமாக ஜெபித்திருக்கிறேன். அன்று ஒரு வாக்கியம்கூட வாயில் வரவில்லை. "ஆண்டவரே, அவள நிறுத்தும். நிறுத்தும்." அவ்வளவுதான். சாமு என் வாயைப் பார்த்துவிட்டு, "நித்தும், நித்தும்" என்றான்.

ஓர் ஆட்டோவைக் கைகாட்டி ஏறினேன். "அந்த ஆரஞ்சு அம்பு போற பக்கமே போங்கண்ணே. என் பொண்ணு சைக்கிள்ல தனியா போயிட்டா."

"தனியாவா? இன்னாமா நீங்க!" என்று திட்டிக்கொண்டேதான் விரட்டினார். இரண்டு திருப்பம். மூன்றாவதில் பிரேக் போட்டார். "இங்க போவாதுமா. பாவு போட்டுக்கினு இருக்காங்க. சைக்கிள்கூட வுட மாட்டாங்க. சுத்திக்கினு மெயின் ரோட்டுக்குப் போய்டலாம்."

புடவைக்கு நீளவாக்கில் ஓடும் நூலைப் பாவு என்கிறார்கள். தறியில் ஏற்றுமுன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரு பக்கமும் ஆட்கள் நின்று, அறுந்த இழைகளை முடிந்து சீர்செய்கிறார்கள். அந்தக் குறுகிய தெருவை அரக்கு நிறப் பட்டு நூல் முழுதாக அடைத்திருந்தது. ஆனால் ஆரஞ்சு அம்பு அந்தத் தெருவுக்குள்தான் காட்டியது. பாவு கட்டுமுன்பே பெரியவர்கள் அதைக் கடந்து போயிருந்தார்கள்.

"நான் இறங்கிக்கிறேன்" என்றேன்.

"கொய்ந்த இத்தத் தாண்டி எப்டிமா போயிருக்கும்? நேரத்தப் போக்காதீங்க!"

இறங்கி ஓடினேன். வீட்டுச் சுவரோரமாக முதலில் தெரிந்தது அவளுடைய நீலச் சைக்கிள். அப்புறம் அவள். ஹெல்மெட் கழற்றவில்லை. இழைகளுக்கு நடுவே செருகிய ஒரு மூங்கில் குச்சியின் முனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விறைப்பாக நின்றிருந்தாள். அழுது காய்ந்த முகம்.

"ரூத்!"

அவள் திரும்பவில்லை. "அம்மா, விடக்கூடாது. ஆன்ட்டி சொல்லணும்."

எதிரே இழை முடிந்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். பரமேஸ்வரி என்று பிறகு பெயர் சொன்னார். "நீதான் அம்மாவா? சட்ட பின்னால இருந்த நம்பருக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்துட்டோம். எடுத்தாத்தானே!" பதிவு செய்தபோது எபநேசர் தன் எண்ணைக் கொடுத்திருந்தார்.

"அம்பு அந்தாண்ட காட்டுது, வழி வுடுங்கன்னு ஒரே அடம்மா. பெரிய கலெக்டரு! எங்களால கைய எடுக்க முடியல. சுத்திக்கினு போய்ட்டான்னா இன்னா பண்றது? அதான் குச்சியக் கையில குடுத்தேன். ‘உன்ன நம்பித்தான் கண்ணு இருக்கோம், வுட்டுடாத’ன்னேன். அசையலயே!"

"எங்கூட்டுப் புள்ளைங்களுக்கு இந்தப் பொறுப்பு இல்ல பாரு" என்றார் அந்தப் பக்கம் இருந்த அவர் கணவர். "உங்களுக்கு இருந்தாத்தானே புள்ளைங்களுக்கு வரும்" என்று யாரோ சொல்ல, தெருவே சிரித்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முடிச்சு வேலை முடிந்து பரமேஸ்வரி தலையசைத்த பிறகுதான் ரூத் கையை எடுத்தாள். எடுத்ததும் என்மேல் விழுந்தாள்.

பரமேஸ்வரி தண்ணீர் கொடுத்தபடி சொன்னார். "நேத்தே போட வேண்டிய பாவும்மா. தூறிக்கினே இருந்துச்சு. பட்டு நனைஞ்சா வம்புன்னு இன்னிக்கு வெச்சிக்கினோம். எல்லாம் அந்த ஏகாம்பரநாதர் செயலு."

நான் வாதாடவில்லை. நான் யாரிடம் கேட்டேன் என்பது எனக்குத் தெரியும். எந்த வார்த்தையால் கேட்டேன் என்பதும் தெரியும். அந்தப் பெண்ணின் கைகளுக்காகவும் கர்த்தருக்கே ஸ்தோத்திரம் சொன்னேன்.

திரும்பி வந்த எபநேசர் செய்தி கேட்டு மைதானத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்து அழுதார். ரூத் இன்னும் சில இரவுகளில் அலறி எழுகிறாள். நானும்தான். ஞாயிறு ஆராதனையை விட்டுப் போனதால் வந்த தண்டனை என்று சபையில் ஒரு சகோதரி சொன்னார். அப்படியும் இருக்குமோ என்று பல நாள் குமைந்தேன். ஆனால் என்னைத் தண்டிக்க ஒரு குழந்தையை லாரிகளுக்கு நடுவே அனுப்புகிற ஒருவரை நான் அன்று கூப்பிடவில்லை.

அதைவிடப் பெரிய கலக்கம் ஒன்று உண்டு. வேலைக்குத் திரும்பிய அன்றே, காணாமல் போன ஒரு சிறுவனைப் பற்றிய நாலு வரிச் செய்தி என் கணினிக்கு வந்தது. அவன் தாயும் கேட்டிருப்பாள். என்னைவிட அழுது கேட்டிருப்பாள். ஏன் என் மகள் வந்தாள், அவன் வரவில்லை? எனக்குத் தெரியாது. எல்லாம் விளங்கிவிட்டது என்று இங்கே எழுதினால் அது பொய்.

ஒன்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் இந்த மாதிரிச் செய்தியை வரி குறைத்து ஓரத்தில் தள்ளிவிடுவேன். இப்போது தலைப்புப் போடுமுன் கண்ணை மூடி அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். யாராவது அவனை மறிக்கட்டும், அவன் கையில் எதையாவது கொடுத்து நிற்க வைக்கட்டும் என்று கேட்கிறேன். பக்கத்து மேசைக்காரர் முதலில் சிரித்தார். இப்போது நான் கண் திறக்கும்வரை பக்கத்தை அச்சுக்கு அனுப்பாமல் காத்திருக்கிறார்.

இதை வாசிக்கிற உங்களில் ஒருவருடைய பிள்ளை இன்னும் திரும்பாமல் இருக்கலாம். வீட்டைவிட்டுப் போயிருக்கலாம், வீட்டுக்குள்ளேயே தொலைந்திருக்கலாம். ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். எனக்கும் வரவில்லை. ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். பிள்ளையின் பெயரை மட்டும் சொல்லுங்கள். இரண்டு பேருமாகக் கேட்போம்.