துருவும் சத்தம் நின்றபோது

என் வலது புருவத்தின் நடுவில் முடி முளைக்காத ஒரு இடம் இருக்கிறது. அது யானை பட்ட இடம். சதுரங்கத்து யானை. என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் தோற்றுவிட்டு அதை எடுத்து என் முகத்தில் எறிந்தார். யானையின் தலை உடைந்தது, என் தலை தப்பியது. அதற்குப் பிறகும் அந்தத் தலையில்லாத யானையை வைத்துக்கொண்டுதான் வருஷக்கணக்காக ஆடினார். வேறு காய் வாங்கவில்லை, வேறு பெண்சாதியும் தேடவில்லை.

அப்போது நாங்கள் கண்டியில் கட்டுகலப் பக்கம், மேட்டில் ஏறிப் போகிற ஒரு சந்தில் குடியிருந்தோம். நான் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கே கங்காணியின் பிரம்பும் துரையின் சப்பாத்துக் காலும் எல்லார் முதுகுக்கும் பழக்கம். டவுன் மாப்பிள்ளை, கந்தோரில் கதிரையில் உட்கார்ந்து எழுதுகிற கிளாக்கர் என்று சொல்லி என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பேனா பிடிக்கிற கை அடிக்காது என்று என் அம்மா நம்பினாள். பாவம், அவளுக்குப் பேனாவையும் தெரியாது, அந்தக் கையையும் தெரியாது.

அவர் ஒரு பிரக்கிராசியிடம், கோர்ட்டில் வழக்குப் பேசுகிறவரிடம், வேலை பார்த்தார். திங்களிலிருந்து சனி வரைக்கும் அந்தப் பெரிய மனிதர் வாயில் வந்ததையெல்லாம் இவர் கைகட்டி நின்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டதும் பலகையை எடுத்து மேசையில் விரிப்பார். டவுனில் பிடவைக் கடை வைத்திருந்த நானா ஒருவர் ஆட வருவார். நாங்கள் முஸ்லிம் கடைக்காரர்களை நானா என்றுதான் கூப்பிடுவோம். இவர் ஜெயித்தால் அன்றைக்கு வீட்டில் பாட்டு. தோற்றால், நானா படியிறங்கி சந்து திரும்பும்வரைக்கும் சிரித்துக்கொண்டே நிற்பார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என்னைத் தேடி குசினிக்கு வருவார்.

எனக்கு யாரும் சதுரங்கம் சொல்லித் தரவில்லை. பயம் சொல்லித் தந்தது. குசினிக்கும் முன் அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அது ஒரு பக்கம் சுருங்கிப்போய் நாலு விரல் இடைவெளி விடும். அதற்கு நேரே திருவலையைப் போட்டுக்கொண்டு, அதன் பலகையில் உட்கார்ந்து, முனையில் இருக்கிற இரும்புப் பல்லில் தேங்காய் துருவுவேன். கண் முழுக்க மேசையில் இருக்கும். குதிரை எப்படித் தாவும், மந்திரி எங்கெல்லாம் போகும் என்று ஒவ்வொரு ஞாயிறாகப் பார்த்துப் பிடித்தேன். இன்றைக்கு அடி உண்டா இல்லையா என்று முன்கூட்டியே தெரிந்தால் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்ளலாமே! அவ்வளவுதான் என் ஆசை.

பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று விளங்கிற்று. என் மனுஷன் மோசமான ஆட்டக்காரர் இல்லை, அவசரக்காரர். நானா தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு அமுக்கிக்கொண்டுதான் உட்காருவார். இந்தக் காயை அங்கே வைத்தால் யார் வெட்டுவான், எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று கண்ணாலேயே ஒரு சுற்று சுற்றி வந்த பிறகுதான் கை வெளியே வரும். இவரோ முதலில் காயைத் தூக்குவார், பிறகு யோசிப்பார். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். ஆனால் எந்தக் கட்டத்தில் வைப்பது என்பது காயிலிருந்து விரலை எடுக்கும்வரை அவரவர் இஷ்டம். அதனால் காயைத் தூக்கி அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, இங்கே வைக்கவா அங்கே வைக்கவா என்று கை அலையும்.

எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். அன்றைக்கு அப்படித்தான் மந்திரியைத் தூக்கிக்கொண்டு போனார். நடுவில் ஒரு சிப்பாய் கேட்பாரில்லாமல் நின்றான். அவனை வெட்டப் போகிறார். ஓரத்தில் நானாவின் குதிரை நிற்பதை நான் பார்த்துவிட்டேன். மந்திரி அங்கே போய் உட்கார்ந்தால் குதிரை ஒரே தாவலில் அடித்துவிடும். ஐயோ, பிள்ளையை வைத்துக்கொண்டு எப்படி அடி வாங்குவேன்? துருவிக்கொண்டிருந்த கை தன்பாட்டில் நின்றுவிட்டது.

குசினியில் சத்தம் நின்றதும் அவர் எரிச்சலோடு தலையை நிமிர்த்தினார். திரும்பக் குனிந்தபோது அவர் கண்ணிலும் குதிரை பட்டது. மந்திரியைக் கொண்டுபோய் வேறு கட்டத்தில் வைத்தார். நான் மறுபடி துருவினேன். அன்றைக்கு அவர் ஜெயித்தார்.

அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே செய்தேன். தப்பான கட்டத்துக்கு மேல் அவர் கை போனால் நிறுத்துவேன். நல்ல கட்டத்துக்கு வந்தால் துருவுவேன். மூன்று நாலு வாரத்தில் அவர் கை சத்தத்துக்குப் பழகிவிட்டது. ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை? ம்ஹும். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மனுஷன் தெரிந்தே செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா என்று எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. பலகையை விரித்ததும் "தேங்கா துருவு" என்று ஒரு சத்தம் மட்டும் போடுவார். கறிக்குத் தேவையோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மூன்று தேங்காய் துருவியாக வேண்டும். வாரம் முழுக்கச் சம்பல், சொதி, ரொட்டி. என் மகள் பிறந்து பல் முளைத்ததே சம்பலில்தான்.

"கிளாக்கர் வீட்டுல தேங்கா நெறைய முடியுது போல ஈக்கி" என்று நானா ஒருநாள் சொல்லிச் சிரித்தார். என் பக்கத்துத் திரையை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குத் தெரியும். என் புருவம் ஏன் கிழிந்தது என்பதும் தெரியும். நல்ல மனுஷர்தான், பெருநாளுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புவார், "தங்கச்சி" என்று மரியாதையாகப் பேசுவார். ஆனால் தான் ஜெயித்துவிட்டுப் போன பிறகு இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டே ஜெயித்தாரே! அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு எரியும். அந்த வட்டிலப்பத்தை நான் ஒருநாளும் வாயில் வைத்ததில்லை.

இப்படியே எட்டு வருஷம் ஓடியது. எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தார் என்று சொல்லமாட்டேன், நான் என்ன தெய்வமா? இருந்தாலும் அடி குறைந்தது. மகள் மேல் அவர் கை வைத்ததே இல்லை. அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஊரெல்லாம் மலேரியா அடித்த வருஷம் அது. பிலிமத்தலாவைப் பக்கமிருந்து வண்டி வண்டியாக ஆட்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கும் காய்ச்சல் கண்டது. கொயினா மருந்தின் கசப்பு நாக்கை விட்டுப் போகாமல், இரண்டு கம்பளியைப் போர்த்தியும் பல் கிட்டிக்கொள்ள, குசினி மூலையில் பாயில் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதே எனக்கு நினைவில்லை. நானா வந்ததும் தெரியாது. "தேங்கா துருவு" என்று என் மனுஷன் சத்தம் போட்டது மட்டும் எங்கேயோ தூரத்தில் கேட்டது.

அம்மா எழும்ப மாட்டாள் என்று என் மகள் தானாகவே போய்த் திருவலையில் உட்கார்ந்தாள். எட்டு வயது. அதுவரை நான் அவளை அதில் உட்காரவிட்டதில்லை. பெரிய மனுஷி போலத் தாவணியாட்டம் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு துருவினாள். நிறுத்தவே இல்லை. அப்பா சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்ய வேண்டும் அல்லவா? ஒரு மூடி முடிந்ததும் அடுத்த மூடி. சர் சர் என்று அந்தச் சத்தம் என் காய்ச்சலுக்குள்ளே வந்துகொண்டே இருந்தது. யார் துருவுகிறது, நான் இங்கேதானே கிடக்கிறேன் என்று நினைத்தேன். எழும்பப் பார்த்தேன். தலை தூக்க முடியவில்லை.

அவர் முதலில் மந்திரியைக் கொடுத்தாராம், பிறகு ஒரு யானை, பிறகு ஆட்டத்தையே கொடுத்தாராம். நானா செருப்பை மாட்டிக்கொண்டு போகிற சத்தமும் கதவு சாத்துகிற சத்தமும் எனக்குக் கேட்டன.

திரையைப் பிய்த்துக்கொண்டு வந்தார். பிள்ளையின் பின்னலைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினார்.

"ஏன்டி நிறுத்தல? ஏன்டி நிறுத்தல?"

"எதப்பா நிறுத்தணும்?" என்றாள் பிள்ளை. கையில் தேங்காய் மூடி அப்படியே இருந்தது.

வாயைப் பார்த்து அடித்தார். மறுபடி அடித்தார். ஒரு பல் தெறித்துத் துருவின தேங்காய்க்குள் விழுந்தது. வெள்ளைத் துருவல் சிவந்துகொண்டு வருவதை நான் பாயில் கிடந்தபடியே பார்த்தேன். மாதாவே! அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆளுக்குத் தெரியும். எட்டு வருஷமும் தெரியும். என் கையை நம்பி ஆடி, என் கண்ணால் ஜெயித்து, அதற்குப் பிறகும் குழம்பில் உப்பில்லை என்று என்னை அடித்திருக்கிறான்!

எப்படி எழும்பினேன் என்று கேட்காதீர்கள். திருவலையைக் காலைப் பிடித்துத் தூக்கினேன். மூன்றாம் அடிக்கு அவர் கை மேலே போயிருந்தது. அந்தக் கையைப் பார்த்து வீசினேன். இரும்புப் பல் உள்ளங்கையில் ஏறி மணிக்கட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. ஆடு மாதிரி கத்தினார். சுவரில், அடுப்பில், என் சேலையில் எல்லாம் ரத்தம். பிள்ளை பயந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி இந்தப் பிள்ளை மேல கை வச்ச, அடுத்தது கழுத்துதான்" என்றேன். கல்யாணம் கட்டியதிலிருந்து அவரை நீங்க என்றுதான் பேசியிருந்தேன். அன்றைக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

தேங்காய் துருவும்போது கை வழுக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார். ஆண்பிள்ளை தேங்காய் துருவினாராம்! தையல் போட்டு அனுப்பினார்கள். இரண்டு விரல் பிறகு நிமிரவே இல்லை.

நான் பெரிய வீராங்கனை என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகு ஒரு மாதம் செத்துச் செத்துப் பிழைத்தேன். இந்த ஆள் எப்போது பாய்வாரோ என்று முதுகைக் காட்டாமல் நடந்தேன். தண்ணீருக்குப் போனாலும் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவேன். அவரைப் பார்த்துப் பேசுமுன், அவர் பக்கமாக ஒரு எட்டு வைக்குமுன், இங்கிருந்து எட்டிப் பிடிப்பாரா, அங்கிருந்து வருவாரா என்று நானும் கண்ணால் ஒரு சுற்று சுற்றிக்கொள்வேன். திருவலை என் பாய்க்குப் பக்கத்திலேயே கிடந்தது. என்னை அடிக்கட்டும், அது பழகின உடம்பு. பிள்ளையைத் தொடுவாரா மாட்டாரா? எனக்கு அது தெரிய வேண்டும்.

கட்டு அவிழ்த்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நானாவும் வந்தார். பலகை விரிந்தது. "தேங்கா துருவு" என்ற சத்தம் வரவில்லை. நானாகவே போய் உட்கார்ந்து துருவினேன். அவருக்காக இல்லை, கறிக்காக. அவர் கை எந்தக் கட்டத்துக்கு மேல் அலைந்தாலும் நான் நிறுத்தவில்லை. அப்படியிருந்தும் அன்றைக்கு நன்றாகத்தான் ஆடினார். இடது கையால் மெதுவாக, பார்த்துப் பார்த்து வைத்தார். நானாவின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு தடவை காய் நகர்த்தினால் முடிந்துவிடும்.

பிள்ளை தேத்தண்ணீர் கொண்டுபோனாள். அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனதில் மேசைக்கால் தட்டிவிட்டது. கோப்பை கவிழ்ந்து, சுடச்சுடத் தேத்தண்ணீர் பலகை முழுக்க ஓடியது. காயெல்லாம் சரிந்தன. ஜெயிக்க வேண்டிய ஆட்டம் போய்விட்டது.

அவருடைய வலது கை, அந்த வளைந்த விரல்களோடு, மேலே போனது. பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நான் துருவுவதை நிறுத்தினேன்.

மேசையிலிருந்து தேத்தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. நானா கையைத் தொடைக்கு அடியில் வைத்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனுஷன் குசினிப் பக்கம் திரும்பவில்லை. கை அந்தரத்தில் நின்றது. அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு கை இறங்கியது. கவிழ்ந்து கிடந்த தலையில்லாத யானையை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"போ, துணி எடுத்துட்டு வா" என்றார் பிள்ளையிடம்.

அவள் திரையைத் தள்ளிக்கொண்டு என் பக்கத்துக்கு வந்து சேரும்வரைக்கும் பொறுத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் மிச்சத் தேங்காயைத் துருவினேன்.